ஏர் எடுத்தும் பிரேக் சரியாகவில்லையா? இரட்டை மாஸ்டர் சிலிண்டர் உள்ள கிட் காருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கிட் காரில் கடைசியாக வந்து வழிமறிப்பது பெரும்பாலும் பிரேக்தான். எஞ்சின் ஓடிவிடும், விளக்குகள் எரிந்துவிடும்; 'ஏர் எடுத்தாலும்', அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினாலும், பெடல் மட்டும் பஞ்சு மாதிரி அமுங்கும். என் காரில் மூன்று வார இறுதிகள் இதிலேயே போயின. அப்புறம் நண்பர்கள் பூட்டிய கார்களிலும் இதே வேலைக்குப் போய்ப் போய், எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று ஒரு வரிசை மனதில் படிந்துவிட்டது. அந்த வரிசைதான் இது.

நான் பேசுவது இந்த அமைப்பைப் பற்றி மட்டும்: முன் சக்கரங்களுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது), பின் சக்கரங்களுக்கு இன்னொன்று, இரண்டையும் ஒரே பெடல் தள்ளும், நடுவே பேலன்ஸ் பார் (பெடலில் உள்ள குழாய் வழியே போய், மிதிக்கும் பலத்தை இரண்டு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குறுக்குக் கம்பி). மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் கிடையாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பாரைப் பாருங்கள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். ஒருவரை உட்காரவைத்து பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்து, இரண்டு புஷ் ராடும் (பாரிலிருந்து சிலிண்டர்களைத் தள்ளும் கம்பிகள்) எவ்வளவு உள்ளே போகின்றன என்று பாருங்கள். சாதாரண காரில் இப்படிப் பார்க்க வழியே இல்லை. நம் காரில் பேலன்ஸ் பாரே ஒரு தராசு மாதிரி நடந்துகொள்கிறது. எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் முன்னே ஓடிவிடும்.

முன் லைனின் ராட் அதிகம் போனால் குறை முன் லைனில். பின் லைனின் ராட் அதிகம் போனால் குறை பின்னால். இரண்டும் சேர்ந்து நேராகவே போய், ஆனாலும் பெடல் நீளமாக இறங்கினால் இரண்டு லைனிலும் ஏர் இருக்கிறது, அல்லது புஷ் ராடில் இடைவெளி அதிகம், அல்லது சிலிண்டரின் அளவே சிறியது. இரண்டு சிலிண்டரும் வேறு வேறு அளவு என்றால் சிறு சாய்வு இயல்பு. பார் கோணலாகிப் பெடல் குழாயின் விளிம்பில் முட்டும் அளவுக்குச் சாய்ந்தால்தான் அது அறிகுறி.

இந்த இரண்டு நிமிடப் பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்தும். நான்கு சக்கரத்திலும் திரும்பத் திரும்ப ஏர் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காதவர்கள்தான்.

## வேலைக்கு முன் சில வார்த்தைகள்

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். 'பிரேக் ஆயில்' என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் அது எண்ணெய் வகை இல்லை. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் சிலிண்டருக்குள் அடைப்பாக இருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும், ஆகையால் எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலை இதற்கு எடுக்காதீர்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான். எண் அடுத்தடுத்து வருவதால் 5.1 என்று நினைத்து 5 ஊற்றியவர்கள் உண்டு. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம். வெளியே எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் நிறைந்திருக்கும், ஈரமும் ஏறியிருக்கும்.

## அறிகுறி 1: ஏர் எடுக்கும்போதே பெடல் பாதியில் கல் மாதிரி நிற்கிறது, நிப்பிளில் ஆயில் கொஞ்சமாகத்தான் வருகிறது

இந்த அமைப்புக்கே உரிய குறை இது. வேறு காரில் பழகிய மெக்கானிக்குகூட இதில் தடுமாறுவார்.

காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஒரு சமயத்தில் ஒரே ஒரு நிப்பிளை (ஏர் வெளியேறுவதற்காகச் சக்கரத்தருகே திறக்கும் சிறு திருகை) மட்டும் திறக்கிறீர்கள். முன் நிப்பிள் திறந்திருக்கும்போது முன் ராட் எதிர்ப்பே இல்லாமல் ஓடுகிறது. பார் சாய்கிறது. சாய முடிந்த அளவு சாய்ந்ததும் முட்டிக்கொள்கிறது. அதற்குமேல் பெடல் போக வேண்டுமானால் பின் சிலிண்டரும் நகர வேண்டும். அங்கே எல்லாம் மூடியிருப்பதால் நகராது. பெடல் நின்றுவிடும். முன் சிலிண்டர் தன் முழு ஓட்டத்தை ஒருமுறைகூட ஓடியிருக்காது. உள்ளே இருக்கும் ஏர் கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, அங்கேயே இருக்கும்.

தீர்வு: முன்னால் ஒரு நிப்பிள், பின்னால் ஒரு நிப்பிள், இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும்.

மூன்று பேர் இருந்தால் வேலை சுலபம். ஒருவர் பெடலில், ஒருவர் முன் சக்கரத்தில், ஒருவர் பின் சக்கரத்தில். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் நீளம் அதிகமாக இருக்கும் சக்கரங்களில் தொடங்குங்கள். முன் ஜோடியில் தூரமானதும் பின் ஜோடியில் தூரமானதும் முதல் சுற்று. பக்கத்தில் இருப்பவை இரண்டும் அடுத்த சுற்று. ஒவ்வொரு நிப்பிளிலும் உள்ளே தெரியும் ரப்பர் டியூப் மாட்டி, அது முதலில் மேல்நோக்கி வளைந்து அப்புறம் பாட்டிலுக்குள் இறங்கும்படி வையுங்கள். பாட்டிலின் அடியில் டியூப் முனை மூழ்கும் அளவுக்குப் புது ஆயில் இருக்கட்டும்.

பெடலில் இருப்பவர் "மிதிக்கிறேன்" என்று சொல்லி மெதுவாக அழுத்த வேண்டும். மற்ற இருவரும் அப்போது கால் சுற்று திறக்க வேண்டும். பெடல் கீழே போனதும் அவர் "பிடித்திருக்கிறேன்" என்பார். இருவரும் மூடி, ஒவ்வொருவரும் "மூடிவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் பெடலை விட வேண்டும். இரண்டு குரலும் கேட்காமல் காலை எடுத்தால் அந்தப் பக்கம் ஏர் உள்ளே ஏறிவிடும். அதுவரை பார்த்த வேலை வீண். விட்ட பிறகு மூன்று நொடி பொறுங்கள், சிலிண்டர் நிரம்பட்டும். வேகமாகப் பம்ப் அடிக்காதீர்கள். வேகமாக அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழிகளாக உடைந்து ஆயில் நுரைத்துவிடும். அப்புறம் அது அடங்கும்வரை சில மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை, சிலிண்டர்களுக்கு ஆயில் தரும் இரண்டு டப்பாவையும் பாருங்கள். இவை சின்ன டப்பாக்கள், சீக்கிரம் காலியாகும். ஒன்று காலியானால் அந்த லைன் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

இரண்டே பேர் என்றால், ஒருவழி வால்வு வைத்த டியூப்களை இரண்டு நிப்பிளிலும் மாட்டிவிட்டு இரண்டையும் திறந்து வைத்துப் பெடலை மெதுவாக மிதிக்கலாம். தனியாக இருந்தால் பிரஷர் கருவிதான் நல்லது. டப்பாவின் மூடிக்குப் பதில் கருவியின் மூடியைப் பூட்டி, கருவியோடு வந்த குறிப்பில் சொன்ன அழுத்தம் கொடுத்தால் போதும். அதில் பெடலே அசைவதில்லை என்பதால் பார் சாயும் பேச்சே இல்லை. முன் லைன், பின் லைன் என்று தனித்தனியாகவே எடுக்கலாம்.

இரண்டு நிப்பிளும் திறந்திருந்தும் பெடல் பாதியில் நிற்கிறதா? பெடல் கீழே எதிலாவது இடிக்கிறதா, கிளெவிஸ் (பாரையும் புஷ் ராடையும் இணைக்கும் பாகம்) பெடல் குழாயில் உரசுகிறதா, இரண்டு புஷ் ராடின் நீளம் பெரிதாக வேறுபடுகிறதா என்று பாருங்கள். கிளெவிஸுக்கும் பெடல் குழாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் பூட்டியிருந்தால் பாரால் சாயவே முடியாது. ரொம்ப அதிகமானால் ஒரு லைன் போகும்போது மற்றது வேலை செய்வதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

## அறிகுறி 2: பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, பம்ப் அடித்தால் மேலே வருகிறது

முதலில் ஒரு பிரிவு. பம்ப் அடித்த பிறகும் காலுக்கு அடியில் ஸ்பிரிங் மாதிரி அமுங்கினால் ஏர். பம்ப் அடித்ததும் கெட்டியாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து முதல் மிதி மட்டும் மறுபடி நீளமாகப் போனால் அது ஏர் இல்லை. நேரே அறிகுறி 3-க்குப் போங்கள்.

### நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது?

காசே செலவில்லாத சோதனை, ஆகையால் முதலில் இது. காலிபரில் (பேடுகளால் டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும். கிட் காரில் வேறு காரின் காலிபரைத் திருப்பி மாட்டுவது சகஜம்; அசல் காரில் அச்சுக்கு முன்னால் இருந்தது இதில் பின்னால் போகும். இடது வலது மாறினால் நிப்பிள் அடியில் வந்துவிடும். அப்புறம் எத்தனை லிட்டர் ஓட்டினாலும் மேலே தேங்கிய ஏர் வெளியே வராது. ஒரு நண்பரின் காரில் ஒன்றரை லிட்டர் ஆயில் ஓட்டிய பிறகுதான், தரையில் படுத்தபடி நான் அதைக் கவனித்தேன்.

இடம் மாற்றிப் பூட்ட முடிந்தால் மாற்றுங்கள். முடியாத அமைப்பு என்றால் காலிபரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, நிப்பிள் உச்சியில் வரும்படி தூக்கிப் பிடித்து ஏர் எடுங்கள். கட்டை இல்லாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். காலிபரை ஹோஸில் தொங்கவிடவும் வேண்டாம், கம்பியில் கட்டி வையுங்கள். நான்கு பிஸ்டன் காலிபர் என்றால் மேலே இரண்டு நிப்பிள்கள் இருக்கலாம், வெளிப்பாதிக்கு ஒன்று, உள்பாதிக்கு ஒன்று. இரண்டிலும் எடுக்க வேண்டும்.

### மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஏர்

புது சிலிண்டரை உள்ளே ஆயில் நிரப்பாமல் அப்படியே பூட்டினால் அதன் முனையில் ஏர் தங்கிவிடும். முனை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். காரின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஜாக்கில் தூக்கி, சிலிண்டரிலிருந்து டப்பாவுக்குப் போகும் வழியே உயரமானதாக வரும்படி சாயுங்கள். வெளிவழியில் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, அதன் மறுமுனையை அந்தச் சிலிண்டரின் டப்பாவுக்குள்ளேயே மூழ்கவிடுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இப்படிச் செய்துவிட்டு, மெதுவாகச் சிறு சிறு மிதியாகக் குமிழி நிற்கும்வரை ஓட்டுங்கள். இங்கேயும் இரண்டும் சேர்ந்துதான், ஒன்றை மட்டும் திறந்தால் பழைய கதைதான்.

குழாய்களை மாட்டிய பிறகு ஒரு சின்ன வேலை, நான் எப்போதும் செய்வது: டப்பா மூடிகளைத் திறந்து, பெடலைக் கையால் 5 மி.மீ. மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். சிலிண்டரின் உச்சியில் ஒளிந்திருக்கும் குமிழி 'புளுக்' என்று டப்பாவில் மேலே வரும். ஆயில் பீச்சியடிக்கலாம், முகத்தைத் தள்ளி வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பொறுமையாகத் தட்டினால் பெடல் ஒரு விரற்கடை உயர்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

டப்பா தனியாக இருந்து ரப்பர் டியூபில் சிலிண்டருக்கு வருகிறது என்றால், அந்த டியூப் சிலிண்டரிலிருந்து டப்பாவரை ஒரே ஏற்றமாகப் போக வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி ஒரு மேடு இருந்தால் ஏர் அங்கே உட்காரும். பெட்ரோல் டியூபை இதற்குப் போடாதீர்கள். பிரேக் ஆயில் பட்டால் அது உளுத்துப்போகும்.

### நேற்று நன்றாக இருந்தது, இன்று காலையில் பஞ்சு

டப்பாவும் சிலிண்டரும் தரைக்கு அருகில், காலிபரைவிடத் தாழ்வாக இருக்கின்றனவா? தாழ்வான கார்களில் பெடல் பெட்டியைத் தரையோடு வைத்தால் இப்படி ஆகும். காலை எடுத்ததும் ஆயில் மெல்லக் கீழே வடிந்து பேட் விலகிவிடும். லைனில் ரெசிடுவல் வால்வு (சிறு அழுத்தத்தை லைனிலேயே தக்கவைக்கும் வால்வு) வையுங்கள்: டிஸ்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் டிஸ்க் பிரேக் விடாமல் பிடித்து எரியும்.

### ஏர் இல்லை என்று உறுதியான பிறகும் பஞ்சு

ஒருவரைப் பலமாக மிதிக்கச் சொல்லி, பெடல் பெட்டி பூட்டியிருக்கும் தகட்டில் கை வையுங்கள். மெல்லிய அலுமினியத் தகட்டிலோ ஃபைபர் பலகையிலோ பூட்டியிருந்தால் அது முன்னே வளைவது கையில் தெரியும். அந்த வளைவைத்தான் கால் 'பஞ்சு' என்று உணர்கிறது. பின்னால் ஒரு தடித்த தகடு வைத்து, சட்டத்தோடு ஒரு தாங்கு கம்பி கொடுத்தால் சரியாகும். காலிபர் பிராக்கெட்டும் வளையலாம், அதையும் இதே மாதிரி பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் மிதிக்கும்போது ஊதுகின்றனவா என்று விரலால் பிடித்துப் பாருங்கள். ஊதினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். புது பேட் டிஸ்கில் படிந்து உட்காராதவரைக்கும் சற்றுப் பஞ்சு இருக்கும், அது தானாகப் போய்விடும்.

எப்போது மெக்கானிக்கிடம் போவது: இரண்டு லைனையும் சேர்த்து மூன்று முறை எடுத்தும், நிப்பிள்களும் உச்சியில் இருந்தும், பார் இன்னும் ஒரே பக்கம் சாய்ந்தால். பிரஷர் கேஜ் இரண்டைக் காலிபர்களில் மாட்டிப் பார்க்கும் வசதி உள்ளவரிடம் போங்கள். அந்தக் கேஜ் இல்லாதவர் நீங்கள் செய்ததையே திரும்பச் செய்வார்.

## அறிகுறி 3: முதல் மிதி நீளம், இரண்டாவது மிதி கெட்டி

எங்கோ பேடோ, டிரம்முக்குள் விரியும் ஷூவோ அதிகம் விலகி நிற்கிறது. பார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் மட்டும் தேடுங்கள்.

பின்னால் டிரம் என்றால் ஷூவை முதலில் டைட் வையுங்கள். சக்கரம் சுற்றும்போது லேசாக உரசும்வரை இறுக்கி, ஒரு கிளிக் விடுங்கள். ஏர் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

பின்னால் ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த காலிபர் என்றால் அதற்குள் ஒரு அட்ஜஸ்டர் உண்டு. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காலிபரைப் பலரும் போடுகிறார்கள். அதில் பின்புறம் ஒரு போல்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும் துளை தெரியும். பேட் டிஸ்கைத் தொடும்வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று திரும்ப விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்க இழுக்கத் தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை என்றால், கேபிளை முழுவதும் தளர்த்திவிட்டு காலிபரின் லீவரையே கையால் இருபது முப்பது முறை இழுத்து விடுங்கள். கேபிள் டைட்டாக இருந்தால் லீவர் தன் பழைய இடத்துக்குத் திரும்பாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. கேபிளை டைட் வைத்துக் குறையை மறைக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறுத்தி வைத்த காரில் பெடல் நன்றாக இருந்து, ஒரு வளைவு திரும்பிய பிறகு முதல் மிதி நீளமாகப் போகிறதா? டிஸ்க் பேடைத் தள்ளிவிடுகிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பேரிங் ஆட்டம் தெரியும். ஆட்டம் இல்லாவிட்டால் டயல் கேஜ் வைத்து டிஸ்கின் கோணலைப் பாருங்கள், 0.1 மி.மீ.க்கு மேல் போனால் டிஸ்கைக் கழற்றி ஹப்பின் முகத்தில் துரு, பெயின்ட் இருக்கிறதா என்று சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளங்கள். பல சமயம் அதுவே போதும், டிஸ்க் மாற்ற வேண்டியிருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் பெடல் நீளம் என்றால் மாஸ்டர் சிலிண்டரின் அளவைப் பாருங்கள். 0.625 அங்குலத்திலிருந்து 0.70-க்கு மாறினால் பெடல் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் அதே பிடிக்கு நான்கில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன் பின் பிடிமானத்தின் விகிதமும் மாறிவிடும். செலவும் கூட என்பதால் கடைசியில்தான் இதற்கு வர வேண்டும்.

## அறிகுறி 4: மிதித்துப் பிடித்திருந்தால் பெடல் மெல்ல இறங்குகிறது

இந்த அறிகுறி இருக்கும் காரை வாசலைத் தாண்டி எடுக்காதீர்கள்.

எந்த டப்பாவில் அளவு குறைகிறது என்று டேப் ஒட்டிக் குறி வையுங்கள். அளவு குறைந்தால் வெளியே கசிகிறது. ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, வெள்ளை டிஷ்யூ சுற்றி, ஒருவரை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஈரம் பட்ட டிஷ்யூ இடத்தைக் காட்டிவிடும். நிப்பிள், ஹோஸை இணைக்கும் பாஞ்சோ போல்டின் செம்பு வாஷர், குழாய் நட் என்ற வரிசையில் பாருங்கள். செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

குழாய் நட்டில் கசிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறுக்காதீர்கள். கிட் காரில் இரண்டு மூன்று கார்களின் பாகங்கள் கலந்திருக்கும். 3/8 யுஎன்எஃப் (அங்குல அளவு) மரையும் எம்10 (மெட்ரிக் அளவு) மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது 9.5 மி.மீ., இரண்டாவது 10 மி.மீ.; பிட்ச், அதாவது மரைகளின் இடைவெளி, இரண்டிலும் ஏறத்தாழ 1 மி.மீ. யுஎன்எஃப் நட் எம்10 துளைக்குள் வழவழவென்று போய், பிடித்த மாதிரியும் நிற்கும். பலமாக மிதிக்கும் அன்று மரை உரிந்து வெளியே வரும். கையால் சுற்றும்போதே நட் லொடலொட என்று ஆடினால் கழற்றி அளந்து பாருங்கள். ஃபிளேரும் (குழாய் முனையில் விரித்த வாய்) அப்படித்தான்: டபுள் ஃபிளேர் கேட்கும் இடத்தில் பபிள் ஃபிளேர் உட்காராது, எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அந்தக் குழாயை வெட்டிவிட்டுச் சரியான ஃபிளேரோடு புதிதாகச் செய்யுங்கள்.

அளவு குறையவில்லை, வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் இறங்குகிறதா? சிலிண்டருக்குள் ரப்பர் கப் விடுகிறது. எது என்று பார் சொல்லும்: பிடித்திருக்கும்போது எந்த ராட் நகர்ந்துகொண்டே போகிறதோ அது. உறுதிப்படுத்த அந்தச் சிலிண்டரின் வெளிவழியைக் குழாயின்றி பிளக் போட்டு அடைத்து மிதித்துப் பாருங்கள். அடைத்தும் இறங்கினால் சிலிண்டரின் ரப்பர் கிட்டை மாற்றுங்கள். உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ஸ்டீல் வலை போட்ட ஹோஸில் கிளாம்ப் போட்டுச் சோதிக்க வேண்டாம், உள்டியூப் நசுங்கிவிடும்.

பல மாதம் ஓடாமல் நின்ற பழைய சிலிண்டர் என்றால் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். வழக்கமாகக் கப் போகாத இடத்தில் துரு பிடித்திருக்கும். முழுதாக மிதித்தால் கப்பின் உதடு அதில் கிழிந்து, நல்ல சிலிண்டரும் கெடும்.

எப்போது மெக்கானிக்கிடம் போவது: ஃபிளேர் போடும் கருவி இல்லாவிட்டால், அல்லது காலிபரின் மரையே உரிந்திருந்தால். இவற்றில் பசையோ டேப்போ போட்டுச் சமாளிக்கவே கூடாது.

## அறிகுறி 5: பிரேக் விடவில்லை, ஓடஓடப் பெடல் மேலே ஏறுகிறது

காரை ஸ்டாண்டில் ஏற்றி, பிடித்திருக்கும் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் சுற்றத் தொடங்கினால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. திறந்தும் சுற்றவில்லை என்றால் காலிபர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

அழுத்தம் மாட்டியிருந்தால் அடுத்த முறை நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி முன்னே இழுங்கள். உடனே பிரேக் விட்டால் புஷ் ராட் நீளம் அதிகம். பெடல் விட்ட நிலையிலும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கிறது. ராடைக் குறைத்து, சுமார் 1 மி.மீ. ஆட்டம் கொடுங்கள். இரண்டு ராடிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றில் ஆட்டம் இருந்து மற்றதில் இல்லாமல் இருப்பது சகஜம். பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுதாகத் திரும்பவிடாமல் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சிலிண்டரைத் தளர்த்தியும் விடவில்லை என்றால் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். மாற்றுங்கள்.

## அறிகுறி 6: பெடல் கெட்டி, ஆனால் கார் நிற்கவில்லை, அல்லது பின் சக்கரம் முதலில் பூட்டுகிறது (சுற்றாமல் இறுகி நிற்கிறது)

பூஸ்டர் இல்லாத காரில் பெடல் பலமாகத்தான் இருக்கும். முதல் தடவை ஓட்டுபவருக்கு அதுவே குறையாகத் தெரியும். பேட் படிந்த பிறகும் நிற்கவில்லை என்றால் பேடில் ஆயில் பட்டிருக்கிறதா, பேட் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்தது சிலிண்டர் அளவு அதிகமாக இருப்பது.

பின் சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். நான்கு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, ஒருவரை மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். முன் சக்கரம் கையால் சுற்ற முடியாமல் நிற்கும் அந்த நொடியில் பின் சக்கரம் இன்னும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பேலன்ஸ் பாரைத் திருப்பி, நடுப் பேரிங்கை முன் லைனின் ராட் பக்கம் நகர்த்துங்கள். பேரிங் எந்த ராடுக்கு அருகில் போகிறதோ அந்த லைனுக்குத்தான் பலம் கூடும். ஒரு சமயம் அரைச் சுற்று மட்டும், பிறகு சோதனை. கடைசிவரை திருப்பியும் பின் சக்கரமே முந்தினால் சிலிண்டர் அளவுகளின் தேர்வே தவறு. பிரேக் அமைப்பைக் கணக்கிட்டுப் பழகியவரிடம் காட்டுங்கள்.

## சாலையில் எடுக்கும் முன்

முன்னால் ஒரு நிப்பிளை மட்டும் டியூபோடு திறந்துவிட்டு மிதியுங்கள். பார் சாய்ந்து முட்டி, பெடல் தரையைத் தொடுவதற்குள் பின் சக்கரங்கள் பிடிக்க வேண்டும். மூடி, ஏர் எடுத்துவிட்டு, பின்னால் திறந்து முன்னுக்கும் இதையே பாருங்கள். ஏர் எடுக்கும்போது நம்மை அவ்வளவு படுத்திய அந்தச் சாய்வுதான், ஓடும் காரில் ஒரு குழாய் வெடித்தால் மற்ற லைனை வேலை செய்யவைக்கும். இந்தச் சோதனையில் பெடல் தரையைத் தொட்டுவிட்டால் கிளெவிஸ் இடைவெளியையும் புஷ் ராட் நீளத்தையும் திருத்தாமல் காரை நகர்த்தாதீர்கள்.

அப்புறம் ஒரு இரவு காரை அப்படியே விடுங்கள். சிதறிய நுண்குமிழிகள் இரவில் ஒன்றுசேர்ந்து மேலேறும். காலையில் டப்பா மூடியைத் திறந்து பெடலை மறுபடி 5 மி.மீ. தட்டுங்கள், இரண்டு லைனிலும் சேர்த்து இன்னொரு சுற்று எடுங்கள். நடை வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பார்த்து, திரும்பி வந்து எல்லா இணைப்பிலும் டிஷ்யூவால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.